முயலின் பொய்ச்சினை: குறை யாரிடம்?

இணை சேர்த்த 17-ஆம் நாள். வெள்ளை முயல் ஒன்று வைக்கோலை வாய் நிறையக் கவ்விக்கொண்டு போய்க் கூண்டின் மூலையில் குவிக்கிறது. பிறகு தலையைக் குனிந்து, தாடைக்கு அடியிலும் வயிற்றிலும் உள்ள மென்முடியைப் பல்லால் பிடுங்கி அந்தக் குவியலின் நடுவில் பரப்புகிறது. மடி திரண்டிருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கை விட்டால் உறுமிக்கொண்டு முன்னங்காலால் அடிக்க வருகிறது. பார்ப்பவர் எவரும் இன்று இரவு குட்டி போட்டுவிடும் என்றுதான் சொல்வார். ஆனால் முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள். கணக்கு இடிக்கிறது. இரண்டு நாளில் முயலின் பரபரப்பு அடங்கிவிடுகிறது. கூட்டில் முடி மட்டும் கிடக்கிறது. குட்டிகளைத் தாயே தின்றுவிட்டதோ என்றுகூடப் புதிதாக வளர்ப்பவர்கள் சந்தேகப்படுவதுண்டு. உண்மையில் அதன் வயிற்றில் கருவே உருவாகவில்லை.

இதுதான் பொய்ச்சினை. முயல் வளர்ப்பவர்களுக்குப் பணத்தையும் நாளையும் விழுங்கும் சிக்கல்களில் ஒன்று. ஆனால் பழி பெரும்பாலும் தப்பான முயலின் மேல் விழுகிறது.

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். காளை அருகில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் சினைமுட்டை வெளிவந்துவிடும். முயலின் உடல் வேறு மாதிரி. அதன் சினைப்பையில் முட்டைகள் முதிர்ந்து காத்திருக்கும். ஆண் முயல் சேரும்வரை வெளிவருவதில்லை. சேர்க்கையின் தூண்டுதல் நரம்புகள் வழியாக மூளையை எட்ட, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை ரத்தத்தில் கொட்டுகிறது. அடுத்த 10 முதல் 12 மணி நேரத்தில் முட்டைகள் விடுபடுகின்றன. முட்டை வீணாகாமல் இருக்க இயற்கை கண்ட ஏற்பாடு இது. பூனைக்கும் இதே வழக்கம்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சந்து இருக்கிறது. தூண்டுதல் வந்ததா என்பதைத்தான் மூளை அறியும். கூடவே உயிருள்ள விந்தணு வந்ததா என்பதை அறியாது. மலட்டு ஆண் சேர்ந்தாலும் முட்டை வெளிவரும். ஒரே கூண்டில் இருக்கும் இரண்டு பெண் முயல்களில் ஒன்று மற்றதன் முதுகில் ஏறினாலும் அதுவே போதுமானதாக இருக்கலாம். முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் உடலம் என்ற சிறு திசு உருவாகி, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது, மடி வளர்கிறது, உடல் முழுவதும் சினையின் போக்குக்கு மாறுகிறது. உண்மையான கரு இருந்தால் மஞ்சள் உடலம் பிரசவம்வரை நீடிக்கும். கரு இல்லாதபோது, கருப்பையிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் அதைச் சிதைத்துவிடுகிறது. 16 முதல் 18 நாளுக்குள் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. அந்தச் சரிவைத்தான் உடல் பிரசவத்துக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. முடி பிடுங்குவதும் கூடு கட்டுவதும் அதனால்தான்.

வளர்ப்பவருக்குத் தலைவலியான இந்தப் பொய்ச்சினை, மருத்துவ அறிவியலுக்குப் பெரிய கொடையாக இருந்திருக்கிறது. மஞ்சள் உடலம் எதற்காக என்று தெரியாதிருந்த காலத்தில், அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் லுட்விக் ஃபிராங்கெல் சினை முயல்களிடமிருந்து அதை நீக்கிப் பார்த்தார். சினை கலைந்தது. அவர் 1903-இல் வெளியிட்ட முடிவு இது. இருந்தும் ஒரு கேள்வி மிஞ்சியது: தாயின் உடல் மாற்றங்களுக்குக் காரணம் மஞ்சள் உடலமா, கருவா? பிரான்ஸைச் சேர்ந்த போல் ஆன்செல், போல் புவேன் இருவரும் விந்துக்குழாய் அடைக்கப்பட்ட ஆண் முயல்களோடு பெண் முயல்களைச் சேர்த்தார்கள். கரு இல்லை, மஞ்சள் உடலம் உண்டு. மடியும் கருப்பையும் அப்படியே வளர்ந்தன. 1910 வாக்கில் வந்த அந்த விடை, பொய்ச்சினை இல்லாமல் கிடைத்திருக்காது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்னரும் வில்லர்ட் ஆலனும் 1929-இல் மஞ்சள் உடலச் சாற்றைக் கொண்டு, சினைப்பை நீக்கப்பட்ட முயல்களில் சினையைக் காப்பாற்றிக் காட்டினார்கள். இடையில் அவர்களை ஒரு புதிர் அலைக்கழித்தது. ஆலன் சோதித்தால் சாறு வேலை செய்யும். கார்னர் சோதித்தால் செய்யாது. கடைசியில் காரணம் புலப்பட்டது. கார்னர் எடுத்தவை இளம் முயல்கள். அவற்றின் கருப்பை அந்த ஹார்மோனுக்கு இன்னும் செவிசாய்க்கும் வயதை எட்டவில்லை. 1934-இல் புரோஜெஸ்டிரோன் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று பெண்களின் கருத்தடை மாத்திரை முதல் கருச்சிதைவுச் சிகிச்சை வரை பயன்படும் மருந்துக் குடும்பத்தின் வேர் அந்த முயல் கூண்டுகளில் இருக்கிறது.

1931-இல் பென்சில்வேனியாவில் மாரிஸ் ஃபிரீட்மன் வகுத்த கர்ப்பப் பரிசோதனையும், தூண்டினால்தான் முட்டை வெளிவரும் என்ற முயலின் குணத்தை நம்பித்தான் எழுந்தது. பெண்ணின் சிறுநீரை முயலின் ரத்தக்குழாயில் செலுத்தி இரண்டு நாள் கழித்து அதன் சினைப்பையைப் பார்ப்பார்கள். முட்டை வெளிவந்திருந்தால் அந்தப் பெண் கர்ப்பிணி. சோதனைக்கு முன் முயலைத் தனிக்கூண்டில் வைத்திருக்க வேண்டும். இன்னொரு முயல் மேலே ஏறி முட்டையை வெளிவரச் செய்துவிட்டால் விடையே பொய்யாகிவிடும்.

இனி கொட்டகைக்கு வருவோம். நம் ஊரில் கறிக்காக வளர்க்கப்படும் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் ஆகியவை குளிர்நாட்டு வழி வந்தவை. கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் உதகை அருகே சாண்டிநல்லாவிலும் அரசு ஆராய்ச்சிப் பண்ணைகள் இவற்றை வளர்த்துவருவதற்கு அங்குள்ள குளிர் ஒரு முக்கியக் காரணம். அதே முயலைச் சமவெளியில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால், சித்திரை வெயில் முதலில் கைவைப்பது ஆண் முயலின் மேல்.

முயலுக்கு வியர்த்துக் குளிரத் தெரியாது. காதுகளின் வழியாகத்தான் பெருமளவு சூட்டை வெளியேற்றுகிறது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் விந்தணுக்கள் குறையும், முடங்கும். கவனிக்க வேண்டிய விஷயம் அடுத்தது. ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 7 வாரம் ஆகிறது. அதன்பின் முதிர்ச்சி பெற இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். மே மாத அனலில் கெட்டது ஜூலை வரை தெரியும். மழை பெய்து கொட்டகை குளிர்ந்த பிறகும் அந்த ஆண் வழக்கம்போல் பெண்ணின் மேல் ஏறும், முனகலோடு பக்கவாட்டில் சரிந்து விழும். வளர்ப்பவர் திருப்தியோடு தேதியைக் குறித்துக்கொள்வார். பெண்ணுக்கு முட்டையும் வெளிவரும். கரு மட்டும் உருவாகாது. வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத அந்த ஆண், ஒரு பண்ணையில் எட்டுப் பத்துப் பெண் முயல்களுக்குப் பொதுவாக இருக்கும். அத்தனையும் ஒருசேரப் பொய்ச்சினை கொண்டால், “பொட்டைங்க சரியில்லை” என்று அவற்றைக் கறிக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம்!

சினை பிடிக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. கொழுத்த பெண் முயல் சினை பிடிப்பது கடினம். அடர்தீவனத்தைக் குறைத்துப் பசுந்தீவனத்தைக் கூட்ட வேண்டும். ஐந்தாறு மாதம் நிறையாததைச் சேர்ப்பது வீண். பிறப்புறுப்பின் உதடு வெளிறி இருந்தால் முயல் இணங்காது; சிவந்து தடித்திருக்கும் நாளே சேர்க்க ஏற்றது. எப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்கச் சண்டைக்கு நிற்கும். ஆணுக்கும் கவனம் புது இடத்தை மோந்து பார்ப்பதிலேயே போய்விடும். பிறப்புறுப்பில் புண்ணோ பொருக்கோ தெரிந்தால் சேர்க்கவே கூடாது. அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும் முயல் சிபிலிஸாக இருக்கலாம். மனிதருக்கு அது தொற்றுவதில்லை.

பொய்ச்சினையைப் பிரசவப் பெட்டி வைக்கும் நாள்வரை காத்திருந்து தெரிந்துகொள்ளத் தேவையில்லை. சேர்த்த 12-ஆம் நாள் வாக்கில், பழகிய கை ஒன்று அடிவயிற்றை மெல்லத் தடவினால் கோலிக்குண்டு போன்ற உருண்டைகள் வரிசையாக விரலில் நழுவும். புழுக்கையும் உருண்டைதான், ஆனால் அது கெட்டியாக, முதுகெலும்பை ஒட்டித் தட்டுப்படும். அழுத்திப் பார்த்தால் கரு கலையும் என்பதால், அனுபவம் உள்ளவரிடம் பார்த்துப் பழகிய பிறகே தொட வேண்டும்.

பொய்ச்சினைக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது, தானாகவே முடியும். மடியைக் கறந்துவிடக் கூடாது, அது பால் சுரப்பை நீட்டிக்கும். மடி சூடாகிக் கன்றிப்போனால் மட்டும் மருத்துவரிடம் போக வேண்டும். பொய்ச்சினை நீடிக்கும் நாட்களில் மறுபடி மறுபடி ஆணிடம் விட்டும் பயனில்லை. 18-ஆம் நாளுக்குப் பின் பல முயல்கள் உடனே இணங்கிச் சினையும் பிடிக்கின்றன. வீட்டில் செல்லமாக வளரும் பெண் முயலுக்கு இது அடிக்கடி வந்தால், சினைப்பையையும் கருப்பையையும் நீக்கும் அறுவைச் சிகிச்சை பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்பது நல்லது. வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருவதால் அதற்கும் அதுவே தடுப்பு.

பண்ணை வைத்திருப்பவர்கள் மூன்றைச் செய்தால் போதும். பருவம் அடைந்த பெண் முயல்களை இணை சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பே தனித்தனிக் கூண்டில் பிரித்துவிடுங்கள். எந்தப் பெண்ணை எந்த ஆணோடு எந்தத் தேதியில் சேர்த்தீர்கள் என்று கூண்டின் அட்டையில் எழுதுங்கள். ஒரே ஆணின் பெயர் பொய்ச்சினைகளுக்கு நேராகத் திரும்பத் திரும்ப வந்தால், பெண் முயல்களை விற்கும் முன் அந்த ஆணின் விந்தை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.