புலித்தலை அரக்கன்

நம் பிள்ளைகளுட் சிலர் ‘இராட்சசன்’ என்னும் சொல்லை முதன்முதலில் ஒரு விளையாட்டிலேயே கேட்கின்றனர். மேசையைச் சுற்றியிருந்து, பல முகங்கொண்ட தாயக்கட்டைகளை உருட்டிக் கதை புனைந்து ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1977இல் வந்த அதன் பூத நூலில் காட்டுப்புலி தனியே உண்டு. அது வெறும் விலங்கு. இராட்சசனோ புலித்தலையுடன், மேலங்கி அணிந்து, புகைக்குழாயோடு அமர்ந்திருக்கிறான்! உருமாறி ஏமாற்றுவான், ஆசி பெற்ற அம்பு தைத்தால் மடிவான்.

வடசொல்லாகிய அப்பெயரையே நாம் அரக்கன் என்கிறோம். உருமாறுதலும் நாம் அறிந்ததே. மாரீசன் பொன்மானாய் வரவில்லையா? புலித்தலைதான் ஆராயத்தக்கது. சீதையைக் காத்த அரக்கியருள் புலிமுகத்தாரை வான்மீகி கூறுகிறார். ஆயினும் பன்றிமுகத்தாரையும் எருமைமுகத்தாரையும் அங்கேயே கூறுகிறார். குலம் முழுமைக்கும் புலித்தலை சூட்டியது விளையாட்டே. இராவணனுக்குத் தலைகள் பத்து. அவற்றுள் புலித்தலை இல்லை. கும்பகருணன், தமையன் செய்தது தவறென்று இடித்துரைத்தும், அவனுக்காகவே போர்க்களம் புகுந்து மாண்டவன். வீடணன் அறத்தின் பக்கம் சேர்ந்தவன். அந்நூற்படி இராட்சசர் யாவரும் தீயோர். இவ்விருவருக்கும் அங்கே இடமில்லை. பிள்ளைகள் விளையாடட்டும், தாயக்கட்டையை வைத்தபின் இவ்விருவர் கதையையும் பெற்றோர் சொல்லலாம்.