பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், யெல்லோ பைன் என்ற மலைச் சிற்றூருக்குப் பக்கத்தில் ஜான்சன் கிரீக் என்றொரு ஓடை வடக்கு நோக்கி ஓடுகிறது. அதன் கரையில் 3,400 அடி நீளம், 150 அடி அகலத்தில் ஒரு புல்வெளி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,900 அடி உயரம். இரு பக்கமும் பைன் மரங்கள் அடர்ந்த சரிவு. கோடைக்கால வார இறுதிகளில் இந்தப் புல்வெளியின் ஓரத்தில் சிறு விமானங்கள் வரிசைகட்டி நிற்கும். பலவற்றின் இறக்கைக்கு அடியில் ஒரு கூடாரம் இருக்கும். இது மாநில அரசு நடத்தும் விமான நிலையம். கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது, தார் ஓடுதளம் கிடையாது. குளிக்க இடம் உண்டு. ஊருக்குள் போய்வர விமானிகளுக்கென்று ஒரு பொது வண்டி உண்டு.

இங்கே வந்து கூடுகிறவர்களில் பலர் பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவர்கள். இவர்களுடைய செல்லப்பிள்ளை, 1949-ல் விற்பனைக்கு வந்த பைப்பர் சூப்பர் கப். எஃகுக் குழாய்களால் ஆன கூடு, மேலே போர்த்திய துணி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என இரண்டே இருக்கை. வெறும் எடை அரை டன்கூட இல்லை. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்திலும் இது கீழே விழாமல் தாக்குப்பிடிக்கும். விமான உலகத்தில் இது ஆமை வேகம். ஆனால் காட்டு ஓடுதளத்தில் அந்த ஆமைக்குத்தான் மதிப்பு.

காட்டுக்குள் ஓடுதளம் எப்படி வந்தது? சுரங்கக்காரர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் சாமான் போக வேண்டியிருந்தது; வனத்துறைக்குத் தீயணைக்க ஆள் போக வேண்டியிருந்தது. காட்டுத்தீயை அணைக்கப் பாராசூட்டில் குதிக்கும் வழக்கமே 1940 ஜூலையில் இதே ஐடஹோவின் நெஸ் பெர்ஸ் காட்டில்தான் தொடங்கியது. பின்னர் 1980-ல், 23 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட மத்திய ஐடஹோ காட்டைத் தீண்டக்கூடாத வனமாக அறிவித்துச் சட்டம் வந்தது. அங்கே சாலை போடக்கூடாது, மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது. ஆனால் புழக்கத்தில் இருந்த ஓடுதளங்களை மூடக்கூடாது என்று அதே சட்டம் சொல்லிவிட்டது. விளைவு, ஒரு வேடிக்கையான ஏற்பாடு: காருக்கு அனுமதியில்லை, விமானத்துக்கு உண்டு. இத்தகைய வனங்களில் ஓடுதளத்தைச் சீர்செய்ய டிராக்டரும் ஆகாது என்பதால், சில இடங்களில் குதிரையும் கோவேறு கழுதையும் பூட்டிய கருவிகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

காட்டுக்குள் தனித்து வாழும் பண்ணைகளுக்குத் தபாலும் விமானத்தில்தான் போகிறது. கேஸ்கேட் என்ற ஊரிலிருந்து கிளம்பும் இந்தத் தபால் விமானத்தை 2009-ல் செலவைக் காட்டி நிறுத்தப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தபால் துறை பின்வாங்கியது.

இந்த மலைகளில் விமானிகள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பத்து, பதினொரு மணிக்குள் இறங்கி, விமானத்தைக் கட்டிப்போட்டுவிட வேண்டும் என்பது எழுதாத விதி. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று மலையேறத் தொடங்கும். பள்ளத்தாக்குக்குள் அது எந்த முனையில் திரும்பும், எங்கே சுழலும் என்று சொல்ல முடியாது. காற்றின் இந்தச் சேட்டை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விமானம் குலுங்குவதிலாவது தெரிந்துவிடும். குலுக்கல் ஏதுமின்றி வேலையைக் காட்டும் இன்னொரு எதிரி உண்டு: வெப்பம்.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஜான்சன் கிரீக்கின் உயரத்தில் 5 டிகிரி செல்சியஸ் இருந்தால் அது கணக்குப்படியான வெப்பநிலை. கோடைப் பிற்பகலில் அது 30 டிகிரியைத் தொட்டால், அங்குள்ள காற்று ஏறக்குறைய 8,000 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடும். விமானிகள் இதை ‘டென்சிட்டி ஆல்டிட்யூட்’ என்பார்கள். அடர்த்தி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். மெலிந்த காற்றில் டர்போ இல்லாத என்ஜின், கடல் மட்டத்தில் தரும் சக்தியில் கால்வாசியை இழக்கும். புரொப்பெல்லருக்குப் பிடிமானம் குறையும். இறக்கையோ, அதே எடையைத் தாங்க இன்னும் வேகமாகப் போகச் சொல்லும். வேகமானியில் முள் வழக்கமான இடத்தில்தான் நிற்கும். ஆனால் கீழே தரை, கடல் மட்டத்தில் ஓடுவதைவிட 12 விழுக்காடு கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கியபின் ஓடும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 12 விழுக்காடு வேகம் கூடினால் தூரம் கால்பங்கு கூடிவிடும்.

அப்படியானால் அதிகாலையில் எல்லாம் சுகமா என்றால், அதுவும் இல்லை. காலையில் காற்று அடர்த்தியாக இருக்கும். புல்லோ பனியில் நனைந்திருக்கும். ஈரப்புல்லில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், விமானம் நிற்காமல் வழுக்கிப் போகும். மான்கள் புல் மேய வருவதும் அந்த நேரத்தில்தான். அதனால், சுற்றிவர இடமிருக்கும் ஓடுதளங்களில் முதலில் ஒருமுறை தாழப் பறந்து பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் இறங்குவது வழக்கம்.

அப்படிப் பார்க்க இடமில்லாத ஓடுதளங்களும் இருக்கின்றன. பிக் கிரீக் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் மைல் ஹை என்றொரு இடம் உண்டு. மலைச்சரிவில் 560 அடி நீளத்துக்கு ஒரு வெட்டவெளி; சரிவு 20 விழுக்காட்டுக்கும் மேல். முடிவில் மலை. மேல்நோக்கித்தான் இறங்க முடியும், கீழ்நோக்கித்தான் எழும்ப முடியும். மணிக்கு 70 கிலோமீட்டரில் தரையைத் தொடும் சூப்பர் கப்பை என்ஜின் உதவியில்லாமல் விட்டால், சுமார் 20 மீட்டர் உயரம் ஏறியதும் அதன் வேகம் முழுவதும் தீர்ந்துபோகும். 20 விழுக்காட்டுச் சரிவில் அதற்கு 100 மீட்டர் ஓட்டமே போதும். பிரேக்கைத் தொடவே வேண்டாம். ஓடுதளமோ 170 மீட்டர். ஆக, உலகமெங்கும் விமானிகள் இறங்கியதும் நிறுத்தப் பாடுபட, இங்கே இறங்கியவர் என்ஜினை முடுக்கி மேலே ஏறியாக வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் சரிவில் சிக்கிக்கொள்வார்.

கண்ணும் ஏமாற்றும். எதிரே ஏறிச்செல்லும் ஓடுதளத்தைப் பார்க்கிறவருக்குத் தான் மிக உயரத்தில் வருவதாகத் தோன்றும். தோன்றியதை நம்பித் தாழ்ந்தால், ஓடுதளத்துக்கு முன்பே தரை வந்துவிடும். மேலும், கடைசி நொடியில் மூக்கை வழக்கத்தைவிட அதிகமாகத் தூக்க வேண்டும். ஏனெனில் கீழிறங்கிக்கொண்டிருந்த விமானம் மட்டமாவது மட்டும் போதாது. சரிவுக்கு இணையாக ஏறவும் வேண்டும்.

இத்தகைய இடங்களில் ‘இறங்குவேன், இல்லை திரும்புவேன்’ என்ற முடிவை ஓடுதளத்தின் மேல் எடுப்பதில்லை. அதற்கு வெகு முன்பே, ஒரு பாறை அல்லது ஓடைச் சங்கமத்தை எல்லையாகக் குறித்துக்கொள்வார்கள். அதைத் தாண்டிவிட்டால் திரும்பப் பள்ளத்தாக்கில் அகலம் இருக்காது. இதற்கும் கணக்கு உண்டு. 30 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானம் மணிக்கு 105 கிலோமீட்டரில் போனால் 150 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். 190 கிலோமீட்டரில் போனால் 500 மீட்டர் வேண்டும். ஆகவே மெதுவாகப் போ, பள்ளத்தாக்கின் நடுவே போகாமல் ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் போ என்று பயிற்சியாளர்கள் தலையில் அடித்துச் சொல்கிறார்கள். நடுவே போகிறவருக்குத் திரும்பப் பாதி அகலம்தான் மிஞ்சும்.

மைல் ஹையும் அதன் அக்கம்பக்கத்து ஓடுதளங்கள் மூன்றும் ஒரு வழக்காகவும் ஆகியிருக்கின்றன. அவை அவசரத்துக்கு மட்டுமே என்பது வனத்துறையின் நெடுநாள் நிலை. 1980 சட்டம் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது என்பது விமானிகளின் வாதம். வனத்தின் அமைதி கெடுகிறது என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் வரை போயின. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என்ஜின் சத்தம் கேட்காத இடம் தேடி நாள்கணக்கில் நடந்து வந்தவருக்குத் தலைக்கு மேல் வட்டமிடும் விமானத்தைப் பிடிக்காததில் ஆச்சரியமென்ன?

சாகசத்தின் இன்னொரு முகத்தைப் பார்க்க அலாஸ்காவின் வால்டீஸ் நகருக்குப் போக வேண்டும். ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் விமானிகள் சந்திப்பில், தரையில் ஒரு வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு முன்னால் சக்கரம் பட்டால் அந்த முயற்சி செல்லாது. கோட்டைத் தாண்டித் தொட்டு, எத்தனை அடிக்குள் நிற்கிறார்கள் என்று நாடா பிடித்து அளப்பார்கள். எழும்ப ஓடிய தூரத்தையும் அதோடு கூட்டுவார்கள். 2018-ல் ஒருவர் 10 அடிக்குள் நிறுத்திக் காட்டினார். ஒரு காரின் நீளம்கூட இல்லை.

இதில் பாதிப் பங்கு எதிர்க்காற்றுக்கு. 70 கிலோமீட்டரில் தொடும் விமானத்துக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று கிடைத்தால், ஓடும் தூரம் ஏறக்குறைய 40 விழுக்காடு குறையும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 50 விழுக்காடு கூடும். மீதிப் பங்கு விமானத்தைச் செதுக்கியவர்களுக்கு. தேவையற்ற எடையைக் கழற்றிவிடுவார்கள். இறக்கையின் முன்விளிம்பில் ‘ஸ்லாட்’ எனும் பட்டையைப் பொருத்துவார்கள். இறக்கைக்கும் பட்டைக்கும் நடுவே விட்ட இடைவெளி வழியே பாயும் காற்று, மூக்கு வெகுவாக நிமிர்ந்த நிலையிலும் இறக்கையோடு ஒட்டிச் செல்லும். சக்கரங்கள் முழங்கால் உயரத்துக்கு மேல். காற்றழுத்தம் மிகக் குறைவு. கூழாங்கல்லில் படும்போது டயர் அமுங்கிக் கல்லை விழுங்கிக்கொள்ளும்.

போட்டி விமானத்தில் எரிபொருளைக் கொஞ்சமாகத்தான் வைத்திருப்பார்கள். பின்னிருக்கையில் ஆள் இருக்காது. காட்டுக்கு வருகிறவரோ கூடாரம், சமையல் சாமான், துணை என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருகிறார். அவருக்கு 10 அடியில் நிற்பதைவிட, நினைத்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தொடுவதுதான் முக்கியம்.

கூடிப் பேசுவதன் பயனும் இங்கேதான். ஜான்சன் கிரீக்கில் கூடாரத்துக்கு வெளியே நடக்கும் பேச்சும், சாலையே இல்லாத சல்ஃபர் கிரீக் பண்ணையில் காலை உணவுக்கென்றே பறந்துவரும் விமானிகளின் பேச்சும் பெரும்பாலும் இதுபற்றித்தான்: எந்த வளைவில் காற்று கீழே அழுத்தும், எந்த மரத்துக்கு நேரே என்ஜினைத் தணிக்க வேண்டும். கோபுரம் இல்லாததால் வானத்திலும் பேசிக்கொண்டேதான் வருகிறார்கள். 122.9 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொருவரும் தான் எந்த ஓடைக்கு மேலே, எந்த உயரத்தில், ஆற்றோடு போகிறேனா எதிர்த்துப் போகிறேனா என்று அறிவிப்பார். ஜான்சன் கிரீக்கில் ஓடையை எதிர்த்து இறங்குவதும் ஓடையோடு எழும்புவதும் வழக்கம். எழும்பியதும் நிலம் தாழ்ந்துகொண்டே போவது அந்தத் திசையில்தான்.

எழும்புவதுதான் பல இடங்களில் பெரிய சிக்கல். இறங்க முடிந்த இடத்திலிருந்தெல்லாம் எழும்ப முடிந்துவிடாது. பல விமானங்களுக்கு எழும்ப அதிக தூரம் வேண்டும். சுமையோடு வந்துவிட்டு வெயிலில் மாட்டிக்கொண்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. சாயங்காலம் காற்று குளிரும் வரை காத்திருக்கலாம். அல்லது துணையையும் பாதிச் சாமானையும் அங்கேயே விட்டுவிட்டு, கீழே இருக்கும் நீண்ட ஓடுதளத்துக்கு மீதியை முதலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து அழைத்துப்போகலாம்.