மலையூரில் இஞ்சின் பூட்டுதல்

கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையையொட்டி மலையேறி, கரியாலூர் சென்ற உறுப்பினர்கள் அச்சாலையின் வளைவுகளை மறந்திரார். மரவள்ளிக் கிழங்கு ஏற்றி அவ்வழி இறங்கும் பழைய பிக்கப் வண்டியொன்றுக்கு, பட்டறையில் பழுது நீங்கிய அதன் இஞ்சினை உடையவர் தம் வீட்டு முற்றத்திலேயே மீண்டும் பூட்டக் கண்டோம்.

பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாட்களில் உள்ளே கருநீலக் கோடுகள் ஓடிக் கெடத் தொடங்கும். எனவே அறுவடை நாளில் வண்டி படுத்துவிட்டால் பதற்றம் பிறப்பது இயல்பே. ஆயினும் பதற்றத்துக்கு இடங்கொடுக்கலாகாத கட்டம் ஒன்று இவ்வேலையில் உண்டு.

மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தி, கால்கள் விலகாதபடி சங்கிலியால் பிணைத்து, செயின் பிளாக்கில் இஞ்சினைத் தொங்கவிட்டனர். மரக்கிளையே போதுமென்றார் அண்டை வீட்டார். உடையவர் உடன்படவில்லை, நாமும் உடன்படோம்.

முதலில் கிளட்ச் பிளேட்டைப் பழைய கியர் ஷாஃப்ட் ஒன்றைச் செருகி நடுமையம் பார்த்து இறுக்கினர். பின்னர் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இஞ்சினும் அதுவும் ஒரே சாய்வில் நிற்கச் செய்தனர். கியர் ஷாஃப்டின் பற்கள் பிளேட்டின் பற்களுக்குள் நுழையவேண்டும். அச்சுப் பல்லில் இழை கோக்கும் நெசவாளர்க்கு இதன் நுட்பம் விளங்கும். விரற்கடை இடைவெளியில் இஞ்சின் நின்றுவிட்டது. உதவிக்கு வந்த இளைஞர் போல்ட்டை முடுக்கி இழுக்க முனைந்தார்.

“தம்பி, போல்ட்டு பிடிச்சுக்கத்தான், இழுக்க இல்ல” என்று தடுத்தார் உடையவர்.

அப்படி இழுத்தாலோ, இஞ்சினின் பாரத்தை அந்த ஷாஃப்டின் மேல் தொங்கவிட்டாலோ பிளேட்டின் நடுப்பகுதி கோணிவிடும். கோணினால் கிளட்ச் முழுதும் விடுபடாது. இறக்கத்தில் சிறிய கியருக்கு மாறவியலாமல், பாரம் ஏற்றிய வண்டி பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும். பிரேக் சூடேறித் தளர்ந்தால் நேர்வதை மலைவாசிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

கியரைப் போட்டுவைத்து, இஞ்சினின் முன் கப்பியை ஸ்பேனரால் சிறிது சிறிதாகத் திருப்பினர். பல்லோடு பல் இசைந்ததும் இஞ்சின் தானே உள்ளே சென்றது.

எஞ்சியவை எளியன: தாங்கு ரப்பர், ரேடியேட்டர் தண்ணீர், ஆயில், எர்த் ஒயர். டீசல் குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்பால் வெளியேற்றியபின் வண்டி உறுமியது. தன் இஞ்சினே ஆனதால் பதிவுச் சான்றில் மாற்றமில்லை. வேறு இஞ்சின் பூட்டுவோர் அதன் எண்ணைப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்துகொள்ளவேண்டும்.

முக்காலியும் செயின் பிளாக்கும் கள்ளக்குறிச்சியிலிருந்து வாடகைக்கு வந்தவை. மலைப்பகுதிச் சங்கங்கள் இவற்றில் ஒரு தொகுதி வாங்கி வைத்தால் கிணற்று மோட்டார் தூக்கவும் உதவும். நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பார்களாக.