ஒன்பதாவது வந்ததும் ஏன் ஓடுவதை நிறுத்துகிறார்கள்?

ஆறாவது, ஏழாவது படிக்கும் பெண் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கபடி, கோ-கோ, ஓட்டப்பந்தயம் என்று எதையும் விடமாட்டார்கள். அதே பிள்ளைகள் ஒன்பதாவது வந்ததும் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். ‘இவளுக்கு விளையாட்டுல இன்ட்ரஸ்ட் போயிடுச்சு’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இன்ட்ரஸ்ட் எங்கேயும் போகலைங்க. நடுவில் அவள் வயதுக்கு வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு, ‘ஷார்ட்ஸ் போடாதே’, ‘இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வா’, ‘வெயில்ல கறுத்துட்டா யாரு கட்டிக்குவா?’ என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். பயிற்சி பெரும்பாலும் விடியற்காலையிலும் சாயங்காலமும்தான் நடக்கும். வாசல் தெளிக்க, தண்ணி பிடிக்க, சமையலுக்கு ஒத்தாசை செய்ய வீட்டுக்கு அவள் தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். அண்ணன் மட்டும் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்!

பீரியட்ஸ் நாட்களில் ‘கறை பட்டுடுமோ’ என்ற பயம் வேறு. இது விம்பிள்டன் வரைக்கும் உண்டு. அங்கே உள்ளாடை உட்பட முழுக்க வெள்ளைதான் அணிய வேண்டும் என்று விதி. பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று 2023-ல்தான் தளர்த்தினார்கள். அப்படியிருக்க, தாழ்ப்பாள்கூட இல்லாத கழிப்பறையை நம்பி நம் பிள்ளை எப்படி கிரவுண்டுக்குப் போவாள்?

மதுரை பக்கம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே அப்பா, அம்மாவை இழந்தவர். கூலி வேலை செய்து பேத்திகளை வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். ‘பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு’ என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னபோது, ‘படிக்கட்டும்’ என்று மறுத்தார். அப்படிப்பட்ட பாட்டியே ஓட்டத்துக்கு அனுப்ப முதலில் தயங்கினார். பயிற்சியாளர் கண்ணன் பேசிப் புரியவைத்த பிறகுதான் சம்மதித்தார். ஷூ இல்லாமல் வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்பு ரிலேயில் இந்தியாவுக்காக ஓடினார்.

பாட்டியின் அந்தத் தயக்கத்தைக் குறையாகச் சொல்ல முடியாது. யார் கூட்டிப்போவார், எத்தனை மணிக்கு முடியும், உடை மாற்ற இடம் இருக்கிறதா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். அதை மகளிடம் கேட்டு அவளை வீட்டில் உட்கார வைப்பதற்குப் பதில், பயிற்சியாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள். முதல் ஒரு வாரம் நீங்களும் கூடப் போய் வாருங்கள். வாசல் தெளிக்கிற வேலையை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும்.