மூச்சின் கணக்கு – 7: சென்னைப் பெண்களும் பாஸ்டன் பிரமாணமும்

சுவாசமும் தகனமும் ஒரே இரசாயனக் கிரியையே என்று லவாசியே நிறுவிய வரலாற்றைச் சென்ற வாரம் கண்டோம். வெளிக்காற்றில் நூற்றுக்கு 20.93 பங்காக இருக்கும் பிராணவாயு, நாம் வெளிவிடும் மூச்சில் பதினாறு பதினேழு பங்காகக் குறைந்துவிடுகிறதென்றால், குறைந்த பங்கு சரீரத்தினுள் எரிந்ததென்றே பொருள். அவ்வாறு எரியும் ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 4.8 கிலோகலோரி உஷ்ணத்தைத் தருவதால், 1911-இல் ஆக்ஸ்போர்டில் டக்ளஸ் செய்ததுபோல மூச்சை ஒரு பையில் பிடித்து, அதன் கனஅளவையும் வாயுக்களின் விகிதத்தையும் கண்டுவிட்டால், ஒருவருடைய ஜீவச்செலவைக் கணித்துவிடலாம். பன்னிரண்டு மணி நேர உபவாசத்துக்குப் பின், விழித்தபடியே அசையாது படுத்து, நிமிஷத்துக்கு 180 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவிடும் ஒருத்தியின் அடிப்படைச் செலவு நாளொன்றுக்குச் சுமார் 1,240 கிலோகலோரி.

இக்கணக்கைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பணிபுரிந்த எலினார் மேசன் அம்மையார். அவரும், பாஸ்டனில் கார்னெகி போஷணை ஆராய்ச்சிக்கூடத்தை நடத்திய பிரான்சிஸ் பெனடிக்டும் 1931-இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியப் பெண்களின் அடிப்படைச் செலவு அமெரிக்கப் பிரமாணத்தைவிட நூற்றுக்குச் சுமார் 17 பங்கு தாழ்ந்திருந்தது. பரிசோதனையின்போது அவர்கள் அயர்ந்துவிட்டதனால் இத்தாழ்வு நேர்ந்திருக்குமோ என்ற ஐயத்தை ஆராயும்பொருட்டு, உறக்கத்திலும் அளந்து 1934-இல் வெளியிட்டார்கள். உறக்கத்தில் செலவு மேலும் இறங்கியதேயன்றி, விழிப்புநிலையின் தாழ்வுக்கு அது காரணமாகவில்லை. சீதோஷ்ணமா, உணவா, இனமா என்ற விவாதம் அதன்பின் நெடுங்காலம் நீடித்தது.

விடை, வகுக்கும் எண்ணில் ஒளிந்திருந்தது. உயரம், எடை, தோற்பரப்பு ஆகியவற்றைக் கொண்டே அக்காலத்தில் மக்களை ஒப்பிட்டார்கள். ஆனால் பிராணவாயுவைப் பெரிதும் செலவிடுவன தசையும் உள்ளுறுப்புகளுமேயன்றிக் கொழுப்பன்று. குடும்பத்தின் அரிசிச் செலவை உண்பவர் தொகையால் வகுக்காமல், வீட்டின் நீள அகலத்தால் வகுத்தாற்போன்றதே அது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கொழுப்பு நீங்கிய உடற்கூற்றைக் கணக்கிற்கொண்டபோது, இந்தியருக்கென்று தனித்ததாகச் சொல்லப்பட்ட தாழ்வு மறைந்தது. இந்திய, ஆஸ்திரேலிய அளவைகளை ஒப்பிட்ட 1998-ஆம் ஆண்டு ஆய்வும், இனத்தின் செல்வாக்குக்குச் சான்றில்லை என்றே முடித்தது.

இடையஞ்சாவடிப் பக்கத்து வாசகர்களுக்கு இது கல்லூரி விவகாரமாக மட்டும் தோன்றலாகாது. மரக்காணத்து உப்பளத்தில் பாத்தியை மிதித்து இறுக்கியும், விளைந்த உப்பை வாரிக் கூட்டியும், கூடையில் நிரப்பித் தலையிற் சுமந்து அம்பாரத்தில் கொட்டியும் உழைப்பவர்களின் தேகம், செலவிடும் சக்தியில் நாலிலொரு பங்குக்குமேல் வேலையாக மாற்றவல்லதன்று. மிச்சமெல்லாம் உள்ளேயே உஷ்ணமாகிறது. மேலே சூரியன், கீழே வெண்ணிற உப்பின் பிரதிபலிப்பு, உள்ளே உழைப்பின் அனல் என மூன்றும் சேர்வதனாலேதான், தொழில்நலப் பிரமாணங்கள் உழைப்பின் கடுமை ஏற ஏற, அனுமதிக்கும் வெப்ப எல்லையை இறக்குகின்றன. நிழலில் படுத்திருப்பவரின் மூச்சை அளந்து பெற்ற எண்ணையோ, வெயிலை மட்டும் அளந்து பெற்ற எண்ணையோ கொண்டு இவர்களுடைய ஓய்வு நேரத்தை விதிப்பது, பாஸ்டன் பிரமாணத்தால் சென்னைப் பெண்களை நிறுத்த பழைய தவற்றையே மறுபடி செய்வதாகும்.

அந்த அனலை வியர்வை எவ்வாறு வெளியேற்றுகிறது, கடலோரத்துப் புழுக்கம் அதை எங்ஙனம் தடுக்கிறது என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)