பூட்டுக்கு எண்ணெய் விடலாமா?

நோன்புப் பெருநாளைக்கு முதல் நாள். புடைவைக் கடை நண்பர் ஒருவர் லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறக்கப் போனால், பூட்டுத் திறக்க மறுக்கிறது. வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். ஒரு மணித்தியாலம் போராடிக் கடைசியில் பூட்டை அறுத்துத்தான் உள்ளே போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் விடச் சொன்னதே நான்தான்.

எண்ணெய் தூசியைப் பிடிக்கும். நாட்செல்ல இரண்டும் சேர்ந்து பிசினாகிவிடும். பூட்டுக்குத் தோதானது காரீயத் தூள். தமிழகத்தில் காரீயம் என்றால் ஈயத்தைச் சொல்வார்கள். நாம் சொல்வது பென்சிலுக்குள் இருக்கும் பொருளை. சிங்களத்தில் மினிரன். பென்சிலில் ஈயம் கிடையாது, அது களிமண்ணோடு கலந்த காரீயம்தான்.

காரீயமும் வைரமும் ஒரே காபன்தான். ஆனால் காரீயத்தில் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தட்டு மற்றதன் மேல் இலகுவில் வழுக்கும். தாளில் கோடு விழுவதும் பூட்டு இளகுவதும் அதனாலேயே. ஒரு சிட்டிகைத் தூளைச் சாவித் துவாரத்தில் ஊதி, சாவியைப் பலமுறை போட்டு எடுங்கள். தூள் கிடைக்காவிட்டால் 6பி போன்ற மென்மையான பென்சிலைச் சாவியில் தேய்த்தாலும் போதும். ஏற்கனவே எண்ணெய் விட்ட பூட்டென்றால் முதலில் மண்ணெண்ணெயால் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தூளும் பிசினோடு சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை: காரீயம் மின்சாரத்தைக் கடத்தும். கிரைண்டர், டிரில் மெஷின்களின் காபன் பிரஷ்ஷுக்கு அது உதவுவது இதனால்தான். ஆகவே சுவிட்ச், பிளக் பக்கம் இந்தத் தூளைக் கொண்டு போகாதீர்கள்.

வெப்பத்தையும் தாங்கும். தங்கம் 1064 பாகை செல்சியஸில் உருகும்; தட்டாரின் காரீய மூசைக்கு அது ஒரு சூடே அல்ல. முதலாம் உலக யுத்த காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு மூசை தேவைப்பட்டபோதுதான் இலங்கைக் காரீயத்துக்கு பெரும் கிராக்கி ஏற்பட்டது. நாட்டின் முதலாவது பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் தந்தையார் செல்வம் திரட்டியதும் இந்த வியாபாரத்தில்தான். 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாகின. இன்று கேகாலை மாவட்டத்துப் போகல வெளிநாட்டுக் கம்பனியொன்றின் கையில். குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ அரசாங்கத்தின் கையில்.

பாறை வெடிப்புகளில் நரம்புபோல ஓடும் இந்த வகைக் காரீயம் வர்த்தக ரீதியில் தோண்டப்படுவது நமது நாட்டில் மட்டுமே. தொண்ணூறு வீதத்துக்கு மேல் காபனுடன் நிலத்திலிருந்து வருகிறது. கைத்தொலைபேசியின் லித்தியம் பற்றரியிலும் ஒரு முனை காரீயமே. உலகின் பெரும் உற்பத்தியாளரான சீனா 2023 டிசம்பரில் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியபோது, வாங்குவோர் வேறு நாடுகளைத் தேடத் தொடங்கினார்கள். வெட்டியெடுத்ததை அப்படியே கப்பலேற்றுவதா, இங்கேயே அரைத்துச் சுத்திகரித்துக் கூடிய விலைக்கு விற்பதா என்பதை நமது வியாபாரிகளும் யோசிக்க வேண்டிய நேரம் இது.

சில்லறையாக வாங்குபவர்களுக்கு ஒன்று. தூளை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். காரீயமென்றால் வழுக்கும், விரலில் சாம்பல் நிற மினுக்கம் ஒட்டும். நறநறவென்று மினுக்கமில்லாமல் கறுத்தால் அது அடுப்புக்கரி. என் கடையில் வாங்கினாலும் தேய்த்துப் பார்த்தே வாங்குங்கள்.