மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது?

சங்க நிகழ்ச்சி முடிந்து வண்டி எடுக்கப் போகும்போது அன்பர்கள் என்னிடம் கேட்பவை இரண்டு. சிக்னலில் இஞ்சின் தானாகவே அணைந்துவிடுகிறதே, இதனால் லாபம் உண்டா? டாஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் எத்தனை ஆயிரத்துக்கு வேட்டு?

சிறிய பெட்ரோல் இஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லி குடிக்கும். தில்லியில் 90 விநாடி சிவப்பு விளக்கில் அணைந்திருந்தால் மிச்சம் 15 மில்லி. ஒன்றரை ரூபாய் என்று வையுங்கள். ஜூன் மாத வெயிலில் அதுவும் கிடையாது. ஏ.சி. கம்ப்ரஸர் நின்று உள்ளே சூடேறியதும் இஞ்சின் தானே கிளம்பிவிடும். இவ்வகை வண்டிகளுக்குத் தனி பேட்டரி உண்டு, விலையும் கூடுதல். மலிவு பார்த்துச் சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரமே உயிரை விடும். வேண்டாதவர்கள் வட்ட அம்புக்குறிக்குள் 'ஏ' என்றுள்ள பொத்தானை அமுக்கிவிடலாம். பல வண்டிகளில் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அமுக்க வேண்டும் என்பதுதான் எரிச்சல்.

மஞ்சள் விளக்குதான் பெரிய விஷயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நாடெங்கும் வந்தபின் அதை எரிய வைக்கும் காரணங்கள் பெருகிவிட்டன. விளக்கு விட்டு விட்டு மின்னினால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வர்ட்டர் சூடேறிக் கெட்டுவிடும், ஓரமாக நிறுத்திவிடுங்கள். நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால், நிதானமாகப் பட்டறைக்குப் போகலாம்.

அங்கேதான் உஷார். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் கருவியைச் செருகினால் ஒரு குறியீடு வரும். தெர்மாமீட்டர் காய்ச்சல் என்று சொல்வதைப்போலத்தான் அது. எதனால் காய்ச்சல் என்பதை வைத்தியர்தான் பார்க்கவேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் என் வண்டிக்கு 'பி 0420' வந்தது. கன்வர்ட்டரையே மாற்றவேண்டும் என்று பட்டறையில் 40,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்ஸிஜன் சென்சார்கள் உண்டு. முன்னதன் அளவு ஏறி இறங்கும். பின்னது அவ்வளவாக ஆடக்கூடாது. அதுவும் ஆடினால் கன்வர்ட்டர் போய்விட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டும். ஆனால் புகைக்குழாயின் கசிவில் வெளிக்காற்று புகுந்தாலும் இதே குறியீடு வரலாம். வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். குழாய் இணைப்பில் கரி படிந்திருந்தது. கேஸ்கட் மாற்றினார்கள், சில நூறு ரூபாய்தான். விளக்கு பிறகு எரியவில்லை.

எதையும் மாற்றச் சம்மதிக்குமுன் குறியீட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை அழிக்க விடாதீர்கள். கோளாறு தோன்றிய நேரத்தில் வண்டியின் வேகம், இஞ்சினின் சூடு எல்லாம் கூடவே பதிவாகியிருக்கும். அழித்தால் அவையும் போய்விடும். அழித்ததும் விளக்கு அணைவதைப் பார்த்து மகிழவும் வேண்டாம். கம்ப்யூட்டர் மறுபடி சோதித்து முடிக்கச் சில பயணங்களாவது பிடிக்கும். அதற்குள் பட்டறைக்காரர் பில்லுக்குப் பணம் வாங்கியிருப்பார்.